செத்த ஈடு – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் வங்கியில் 30 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினேன். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். ஆடி முடிந்ததும் கிரகப்பிரவேசம் என்று நாள்கூடப் பார்த்து வைத்துவிட்டோம்.

அதற்குள் உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ அனுப்பினார். ‘மார்ட்கேஜ்’ என்பது லத்தீனும் பிரெஞ்சும் கலந்த சொல், ‘மார்ட்’ என்றால் மரணம், ‘கேஜ்’ என்றால் ஒப்பந்தம், ஆக வீட்டுக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் தன் மரணத்துக்கே கையெழுத்துப் போடுகிறான், சாகும்வரை கட்டிக்கொண்டே இரு என்பதுதான் அர்த்தம் என்று ஒருவர் அதில் பேசுகிறார். அம்மா அதைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “சாவுன்னு பேர் வச்ச காகிதத்துல எதுக்குடா கையெழுத்துப் போட்டே” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் இணையத்தில் தேடினேன். கடனை அடைத்தாலும் ஒப்பந்தம் சாகிறது, அடைக்காவிட்டாலும் சாகிறது, அதனால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் பல இடங்களில் இருந்தது. எனக்கு அது பிடித்தது. அம்மாவிடம் சொன்னேன், இன்னும் பயந்துவிட்டார்.

அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? எழுத்தில் இருக்கும் ‘ட்’ ஏன் உச்சரிப்பில் இல்லை? வங்கி கொடுத்த தவணைக் கணக்குத் தாளில் ‘அமார்டைசேஷன் ஷெட்யூல்’ என்று போட்டிருக்கிறது. அதிலும் அந்த ‘மார்ட்’ இருக்கிறதே, தற்செயலா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தச் சொல்லில் சாவு இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் அது உங்கள் சாவு இல்லை. கையெழுத்துப் போடும் எந்த மனிதனின் சாவும் இல்லை. அதில் செத்திருப்பது வேறு ஒன்று, அது என்ன என்று தெரிந்தால் அம்மாவுக்கு உங்களைவிடச் சீக்கிரம் புரியும் என்றுதான் நினைக்கிறேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

‘மார்ட்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ‘மோர்துஸ்’ போல ஒரு சொல், செத்த, இறந்த என்று பொருள், பிரெஞ்சில் அது ‘மோர்’ ஆயிற்று. இது நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. லத்தீனும் சம்ஸ்கிருதமும் ஒரே பெருங்குடும்பத்து மொழிகள் என்பதால், நாம் சம்ஸ்கிருதத்திலிருந்து எடுத்துப் புழங்கும் மரணம், மிருத்யு இரண்டும் அந்த லத்தீன் சொல்லுக்கு உறவு. சாவில்லாதது என்று பொருள்படும் அமிர்தமும் அதே வேர்தான்.

‘கேஜ்’ விஷயத்தில் வீடியோக்காரர் சறுக்கிவிட்டார். அதற்கு ஒப்பந்தம் என்று பொருள் இல்லை. ஈடு, பிணை, அடகுப்பொருள் என்று பொருள். அப்புறம், அது லத்தீனும் இல்லை. பிரெஞ்சு வழியாகத்தான் இங்கிலாந்துக்கு வந்தது, ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஃபிராங்குகளிடமிருந்து கிடைத்தது. ரோம் சரிந்த பிறகு இன்றைய பிரான்சைப் பிடித்து ஆண்ட ஜெர்மானிய இனம் அது, அந்த நாட்டுக்குப் பெயரே அவர்களால் வந்தது. அவர்கள் பேச்சில் ஈட்டுக்கு ‘வாடி’ போல ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. லத்தீன் எழுதிய குமாஸ்தாக்கள் அதைப் பிடித்து ‘வாடியும்’ என்று லத்தீன் உடுப்புப் போட்டார்கள், ஊர்ப்பேச்சிலோ அது ‘காஜ்’ ஆனது.

வகரம் எப்படி ககரம் ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெர்மானியச் சொல் வகரத்தில் தொடங்கினால் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சு அதைக் ககரமாக்கிவிடும். வடக்கே நார்மண்டிப் பக்கத்துப் பிரெஞ்சு வகரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். 1066இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது வகரச் சொற்கள் அங்கே போயின, பின்னால் பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கில் ககரச் சொற்களும் போய்ச் சேர்ந்தன. அதனால் ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு முறை நுழைந்து இரண்டாகவே நின்றுவிட்டது. புது ஃபிரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் “வாரண்டி வேற, காரண்டி வேற சார்” என்று விளக்குவாரே, அவை இரண்டும் பிறப்பால் ஒரே சொல். வார்டு, காவலைக் குறிக்கும் ‘கார்டு’ என்பவையும் அப்படித்தான். இங்கிலாந்து அரசன் வில்லியம் பிரெஞ்சில் கியோம். அதே கணக்கில்தான் ‘வேஜ்’ என்ற சம்பளமும் ‘கேஜ்’ என்ற ஈடும். இன்னும் இருக்கிறது. இந்த ஈட்டுச் சொல்லிலிருந்துதான் ‘என்கேஜ்மெண்ட்’ வந்தது, தன்னை ஈடாக வைப்பது என்று அர்த்தம். பழைய ஆங்கிலத்திலேயே இருந்த அதன் உடன்பிறப்பு ‘வெட்’, அதிலிருந்து ‘வெட்டிங்’. ஆக நிச்சயதார்த்தம், கல்யாணம், சம்பளம், வீட்டுக்கடன் என்று உங்கள் வாழ்க்கையின் நாலு பெரிய காரியங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே வேர். ஒரு பொருளையோ வாக்கையோ முன்னால் வைத்து, என்னை நம்பு என்று சொல்வதுதான் நாலுக்கும் அடியில் இருப்பது. இதை அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, இரண்டையும் சேர்த்தால் ‘செத்த ஈடு’. ‘சாவுக்கான ஈடு’ இல்லை. பிரெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசத்தை நிறுவுவது சிரமம், ஏனென்றால் அதில் சாவுக்கும் ‘மோர்’, செத்த என்பதற்கும் ‘மோர்’. ஆனால் பழைய சட்ட நூல்கள் இதை லத்தீனிலும் எழுதி வைத்திருக்கின்றன, ‘மோர்துவும் வாடியும்’ என்று. லத்தீன் இலக்கணத்தில் அது ஈட்டை விவரிக்கும் அடைமொழி. சாவின் ஈடு, சாவுக்கான ஈடு என்று சொல்ல நினைத்திருந்தால் ‘மோர்திஸ் வாடியும்’ என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதவில்லை. வீடியோவின் வாதம் இந்த ஒரு விகுதியிலேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் ஈடு எப்படிச் சாகும்? இதுதான் உண்மையான கேள்வி, நீங்கள் இணையத்தில் பார்த்த விளக்கம் இதற்குச் சொல்லப்படும் இரண்டு பதில்களில் ஒன்று. அது தாமஸ் லிட்டில்டன் என்ற நீதிபதியுடையது. 1481இல் இறந்தவர், நில உரிமைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இங்கிலாந்தில் பல தலைமுறை வக்கீல்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. நூல் பிரெஞ்சில் இருக்கிறது. நார்மன் படையெடுப்பு முடிந்து நானூறு வருடம் ஆகிவிட்டது, நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362இலேயே சட்டம் போட்டாயிற்று, அப்படியும் வக்கீல்கள் எழுதுவதென்றால் பிரெஞ்சைத்தான் எடுத்தார்கள். லிட்டில்டன் சொல்வது இது: கடன் வாங்கியவன் குறித்த நாளில் பணத்தைக் கட்டுவானா மாட்டானா என்பது தெரியாது. கட்டாவிட்டால் நிலம் அவனைவிட்டு என்றைக்குமாகப் போய்விடுகிறது, அவனைப் பொறுத்தவரை அது செத்தது. கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனைப் பொறுத்தவரை ஈடு செத்தது. எட்வர்ட் கோக் என்ற பெரிய சட்ட அறிஞர் 1628இல் வெளியிட்ட உரையில் இதை எடுத்துச் சொல்ல, அங்கிருந்து அகராதிகளுக்குப் போய், இன்று உங்கள் கைபேசிவரை வந்திருக்கிறது.

அழகான விளக்கம், உங்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. அதில் உண்மையும் உண்டு, லிட்டில்டன் காலத்து நடைமுறை அப்படித்தான் இருந்தது. நிலத்தைக் கடன் கொடுத்தவன் பேருக்கே மாற்றி எழுதிவிட வேண்டும், இன்ன நாளில் பணம் வந்தால் திருப்பி எழுதித் தருகிறேன் என்று அவன் ஒப்புக்கொள்வான், ஒரு நாள் தவறினாலும் நிலம் போச்சு. நம் ஊரில் அடகு வைத்த நகை தவணை தாண்டினால் ‘முழுகிப் போச்சு’ என்பார்கள் இல்லையா? அவர்களுக்குச் சாகிறது, நமக்கு முழுகுகிறது.

ஆனால் எனக்கு இந்த விளக்கத்தில் சம்மதம் இல்லை. காரணம் எளிது, லிட்டில்டனுக்குச் சுமார் முந்நூறு வருடம் முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது, அப்போதே அதற்கு வேறு பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஹென்றி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், ஏறத்தாழ 1187க்கும் 1189க்கும் நடுவில், இங்கிலாந்தின் சட்டங்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதப்பட்டது. அரசனின் தலைமை நீதிபதியாக இருந்த கிளான்வில் பெயரில் வழங்குகிறது. அது ‘செத்த ஈட்டை’ இப்படி விளக்குகிறது: ஈடாகக் கொடுத்த நிலத்திலிருந்து இடைக்காலத்தில் எடுக்கும் விளைச்சலோ வருவாயோ கடனில் எதையும் தீர்க்காது என்றால் அது செத்த ஈடு.

இதை நான் முதலில் படித்தபோது எங்கள் அப்பாவின் வயல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம், வருடத்துக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ. நான் ஆறாவது படிக்கும்போது பெரியக்கா கல்யாணத்துக்காக அப்பா எண்பது சென்ட் வயலை 4,000 ரூபாய்க்கு ஒத்தி வைத்தார். வாங்கியவர் பக்கத்துத் தெருக்காரர், நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றத் தெரியாதவர். ஒத்தி என்றால் முறை இதுதான்: பணத்துக்கு வட்டி கிடையாது, வட்டிக்குப் பதில் வயலை அவர் பயிர் வைத்து அனுபவிப்பார், அசலைக் கொடுக்கும் நாளில் வயலைத் திருப்பிக்கொள்ளலாம். ஒன்பது வருடம். பதினெட்டு அறுவடை. ஒவ்வொரு அறுப்புக்கும் நெல் எங்கள் வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகும், அம்மா உள்ளேயே இருந்துகொள்வாள். ஒன்பது வருடம் கழித்து அப்பா திருப்பப் போனபோது அசல் எவ்வளவு? 4,000 ரூபாய். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, குறைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை, ஒத்தி என்றால் அப்படித்தான்.

வயல் உயிரோடுதான் இருந்தது, விளைந்துகொண்டும் இருந்தது. எங்களுக்கு மட்டும் அது செத்துக் கிடந்தது. கிளான்வில் சொல்லும் செத்த ஈடு அதுதான். எங்கோ நார்மண்டியில் ஒரு குடியானவனும் இதே மாதிரி தன் நெற்றிக்கு நேரே தன் கோதுமை இன்னொருவன் களஞ்சியத்துக்குப் போவதைப் பார்த்திருப்பான், அவனுடைய வயிற்றெரிச்சலில் பிறந்த பெயர் இது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு எதிரான இன்னொரு முறையும் அவர்களிடம் இருந்தது, அதற்குப் பிரெஞ்சில் ‘வீஃப் காஜ்’ என்று பெயர். உயிருள்ள ஈடு. அதிலும் கடன் கொடுத்தவன்தான் நிலத்தை வைத்திருப்பான், விளைச்சலையும் எடுப்பான், ஆனால் எடுத்ததன் மதிப்பை வருடா வருடம் அசலில் கழித்துக்கொண்டே வர வேண்டும். கழிந்து தீர்ந்ததும் நிலம் தானாக உடையவனிடம் திரும்பிவிடும். அதாவது நிலமே உழைத்துத் தன்னை மீட்டுக்கொள்கிறது, அதனால் அது உயிருள்ளது. இந்த ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லிட்டில்டன் விளக்கம் நிற்காது என்பது தெரிந்துவிடும். கடன் தீர்ந்தால் எந்த ஈடும்தான் முடிந்துபோகும், உயிருள்ள ஈடும் முடிந்துபோகும், அப்படியானால் ஒன்றை மட்டும் ஏன் செத்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்? லிட்டில்டனைக் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் அந்தப் பழைய முறை மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது, அந்தப் பெயருக்குத் தன் கண்முன் இருந்த நடைமுறையிலிருந்து ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

கிளான்வில் நூல் இன்னொன்றும் சொல்கிறது. செத்த ஈட்டை அரசனின் நீதிமன்றம் தடுக்காது, ஆனால் அது ஒருவகைக் கொடும்வட்டியாகவே கருதப்படும், அப்படி ஒரு ஈட்டை வைத்திருந்த நிலையில் கடன் கொடுத்தவன் இறந்துபோய் அது நிரூபிக்கப்பட்டால், அவன் சொத்தை வட்டிக்காரன் சொத்தாகவே நடத்த வேண்டும். கிறிஸ்தவத் திருச்சபைக்கு வட்டி என்பதே அன்று பாவம். வட்டி என்ற பேர் சொல்லாமல் விளைச்சலை எடுத்துக்கொள்வது பாவமா இல்லையா என்பது பெரிய சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அப்படிக் கடன் கொடுத்தவர்களில் மடங்களும் துறவிகளும் நிறைய. சிலுவைப்போருக்குப் போகிறவர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் வேண்டும், மடத்தில் பணம் இருக்கிறது, நிலத்தை ஈடாக வைத்துவிட்டுப் போவார்கள். 1163இல் தூர் நகரில் கூடிய திருச்சபை அவை, நிலத்தை ஈடாகப் பிடித்து அசலுக்கு மேல் விளைச்சலை அனுபவிக்கும் குருமார்களைக் கண்டித்தது. அசல் அளவுக்கு விளைச்சல் எடுத்தாயிற்றா, நிலத்தைத் திருப்பிக் கொடு என்றது. சுருக்கமாகச் சொன்னால், செத்த ஈடு வேண்டாம், உயிருள்ள ஈடே போதும் என்று.

சிலுவைப்போருக்காக வைத்த ஈடுகளில் பெரியது ஒன்று உண்டு. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் மூத்த மகன் ராபர்ட், நார்மண்டியின் பிரபு. 1096இல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பியபோது கையில் காசில்லை. தன் தம்பி, இங்கிலாந்து அரசன் வில்லியம் ரூஃபஸிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு நார்மண்டி முழுவதையும் ஈடாக வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தைத் திரட்ட இங்கிலாந்து மக்கள் மீது கடுமையான வரி விழுந்தது. அண்ணன் திரும்பும்வரை தம்பி நார்மண்டியை ஆண்டு அனுபவித்தார். 1100இல் ராபர்ட் திரும்புவதற்குள் தம்பி வேட்டையில் அம்பு பட்டு இறந்துவிட, கடனைக் கட்டாமலே நாடு அண்ணனுக்கு வந்தது. செத்தது அங்கேயும் கடன் வாங்கியவர் இல்லை, கவனித்தீர்களா?

ஒத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் ஒற்றி, பேச்சில் ஒத்தி, காற்று காத்தானது போல. சென்னைப் பக்கத்தில் இதையே போக்கியம் என்கிறார்கள், அனுபவிக்கத்தக்கது என்ற பொருளில் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையிலும் ஒற்றி இருக்கிறது. சொல் அதைவிட மிகப் பழையது. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் கோபித்துக்கொண்டு பாடும்போது “விற்றுக்கொள்வீர் ஒற்றி அல்லேன்” என்கிறார். என்னை நீர் விற்றுக்கொள்ளலாம், நான் ஒற்றிப்பொருள் இல்லை. இந்த வரியின் கூர்மை ஒத்தி தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். ஒத்தியாக வாங்கியதை அனுபவிக்கலாம், ஆனால் விற்கும் உரிமை இல்லை, ஏனென்றால் அது இன்னும் இன்னொருவனுடையது, என்றைக்காவது திருப்பிக்கொள்வான். என்னை அப்படித் திருப்பிக்கொள்ள வேறு யாரும் இல்லை, நான் முழுக்க உம்முடையவன் என்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான், கண்ணைப் பறித்துக்கொண்டீரே என்று சண்டை போடுகிறார். ஆயிரம் வருடத்துக்கும் மேலான வரி, எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

வெள்ளைக்காரர்கள் 1882இல் இந்தியாவுக்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் போட்டபோது 58ஆம் பிரிவில் அடமானத்தைப் பல வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று நம் ஒத்தி. அந்த வரையறையை நிதானமாகப் படித்தால், வருவாயை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது கடன் பணத்தில் கழித்துக்கொள்ளலாம், அல்லது கொஞ்சம் அதற்கும் கொஞ்சம் இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. செத்த ஈடும் உயிருள்ள ஈடும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இன்னொரு வகைக்கு ‘ஆங்கில அடமானம்’ என்றே பெயர், சொத்தை முழுசாக எழுதிக்கொடுத்து, பணம் வந்தால் திருப்பி எழுதித் தருவது, லிட்டில்டன் காலத்து வழக்கத்தின் வழிவந்தது. நீங்கள் செய்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டுமே இல்லை, மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைக்கும் வகை. வீட்டில் நீங்கள்தான் குடியிருக்கப் போகிறீர்கள், வாழைமரம் நட்டால் தார் உங்களுக்குத்தான். தவணை தவறினால் ஒரே நாளில் நிலம் போய்விடும் என்ற கொடுமையையும் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சான்சரி நீதிமன்றம் உடைத்துவிட்டது, நாள் தாண்டினாலும் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை உண்டு என்று. அந்த மீட்புரிமை நம் சட்டத்தின் 60ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்காகத் தவணையைத் தவற விடாதீர்கள், இன்றைக்கு வங்கிகளுக்கு வேறு சட்டங்களும் கையில் இருக்கின்றன.

‘ட்’ கதை சின்னது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த எழுத்து இல்லை, காதில் விழுந்தபடி ‘மார்கேஜ்’ என்றே எழுதினார்கள். பிறகு வந்த படிப்பாளிகள், லத்தீனில் ஒரு ‘ட்’ இருக்கிறதே, அதை விடலாமா என்று எழுத்தில் மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் யாரும் உச்சரிக்காத ஒரு ‘ப்’ உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதே ஆட்கள் வேலைதான். பிரெஞ்சுக்காரர்களோ சொல்லையே விட்டுவிட்டார்கள், இன்று அவர்கள் அடமானத்துக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த ‘இப்போதெக்’ என்ற சொல்லைத்தான் புழங்குகிறார்கள்.

அமார்டைசேஷன் தற்செயல் இல்லை. பழைய பிரெஞ்சில் ‘அமோர்த்திர்’ என்றால் சாகடிப்பது. அது ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் வேறு வேலை பார்த்தது, திருச்சபைக்கு நிலத்தை எழுதி வைப்பதைக் குறித்தது. மடத்தின் கைக்குப் போன நிலம் விற்பனைக்கும் வராது, வாரிசுரிமைக்கும் வராது, அரசனுக்கு வரும்படியும் நின்றுபோகும், அதனால் அந்தக் கைக்குச் ‘செத்த கை’ என்று பெயர். அதைத் தடுக்க முதலாம் எட்வர்ட் 1279இலும் 1290இலும் சட்டம் போட்டார். கடனைச் சிறுகச் சிறுகத் தீர்ப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. உங்கள் தாளில் சாகடிக்கப்படுவது கடன்தான்.

அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம், எட்டரை சதவீதம், 240 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய் வரும். முதல் மாதத்தில் அதில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். கிளான்வில் கணக்கில் பார்த்தால் அந்த 21,250 செத்தது, 4,785 உயிருள்ளது. வட்டி விகிதம் மாறாமலே இருந்தால், வட்டிக்குப் போவதைவிட அசலுக்குப் போவது அதிகமாவதற்கு 12ஆம் வருடத்தின் முடிவுவரை ஆகும். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் சில வருடங்களில் போனஸ் வந்தாலோ சீட்டு எடுத்தாலோ அந்தப் பணத்தை நேரே அசலில் கட்டுங்கள், அப்படிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுசாக உயிருள்ளது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவும் இருக்கிறது.

அப்பா வயலைத் திருப்பிய அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்து பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விதைக்கு என்று ஒரு மூட்டை நெல்லையும் அனுப்பி வைத்தார். அம்மா அன்றைக்குத்தான் வாசலுக்கு வந்து நின்றாள்.

உங்கள் அம்மா கிராமத்தில் வளர்ந்தவராக இருந்தால் ஒத்தியோ போக்கியமோ நிச்சயம் பார்த்திருப்பார். ‘மார்ட்கேஜ்’ என்று சொல்லாமல், விளைச்சல் அசலில் கழியாத ஒத்திக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் அது என்று சொல்லிப் பாருங்கள். அப்படியே, விளைச்சலை அசலில் கழித்துக்கொள்ளும் ஒத்தி அவர் ஊரில் இருந்ததா, இருந்தால் அதற்குத் தனியாக ஏதாவது பெயர் சொல்வார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு என் வாழ்த்துகள்.